‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’: பின்னத்திலிருந்து நுண்கணிதத்துக்கு இரண்டே வருடமா?

ஓரத்து பெஞ்ச் | மார்ச் 4, இரவு 9.10

‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ (1988) என்ற ஆங்கிலப் படம் பற்றி ஒரு சந்தேகம். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி. பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளைகள். பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலான்டே என்ற கணக்கு வாத்தியார். படம் முடியும்போது அத்தனை பேரும் கல்லூரித் தர நுண்கணிதத் தேர்வில் பாஸ். உண்மைக் கதை என்று வேறு சொல்கிறார்கள். அப்படியானால் எட்டாம் வகுப்புக் கணக்கில் தடுமாறுகிற பிள்ளையை இரண்டு வருடத்தில் தொகையீடு போட வைக்க முடியும் என்றுதானே அர்த்தம்? படத்தில் வரும் உத்திகளில் எது வகுப்பில் நிஜமாகவே எடுபடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ் | மார்ச் 4, இரவு 9.52

முடியாது. அவரும் அப்படிச் செய்யவில்லை. வகுப்பறைக்குள் நடப்பதைப் படம் பெரும்பாலும் சரியாகவே காட்டுகிறது. தவறு காலண்டரில் இருக்கிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

சாக்பீஸ் | மார்ச் 5, காலை 6.30

முதலில் காலக்கணக்கு. படத்தில் அவர் வந்து சேருகிறார், ஒரு வருடம் அடிப்படைக் கணக்கு நடத்துகிறார், கோடை விடுமுறையில் இடைப்பட்ட பாடங்களை முடிக்கிறார், அடுத்த வருடம் நுண்கணிதம், 1982-ல் தேர்வு.

நிஜத்தில் எஸ்கலான்டே கார்ஃபீல்டில் சேர்ந்தது 1974-ல். நுண்கணித வகுப்பைத் தொடங்கவே அவருக்குச் சுமார் நான்கு வருடம் ஆனது. 1979-ல் தேர்வு எழுதியது 5 பேர், பாஸ் 2 பேர். அடுத்த வருடம் 9 பேர், பாஸ் 7. 1981-ல் 15 பேர் எழுதி 14 பேர் பாஸ். அதற்குப் பிறகுதான் படத்தில் வரும் 1982-ன் 18 பேர். அதாவது அந்தப் பதினெட்டு, நான்காவது படி. படம் முதல் மூன்று படிகளையும் விட்டுவிட்டது. அதில் மிக முக்கியமானது அந்த ‘5-க்கு 2’. பாதிக்கு மேல் தோற்ற வகுப்பை மறு வருடமும் நடத்த ஒரு பள்ளி விட்டதே, அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

பிள்ளைகளும் நேரே பின்னத்திலிருந்து வரவில்லை. இயற்கணிதம், வடிவியல், மறுபடி இயற்கணிதம், முக்கோணவியல், அதன் பிறகே நுண்கணிதம். ஒவ்வொன்றும் ஒரு முழுப் பாடம். நாள்பட இந்த வரிசையைச் சுருக்க இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒன்று, கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியில் ஏழு வாரக் கோடை வகுப்பு. ஒரு பாடத்தைக் கோடையிலேயே முடித்தால் ஒரு வருடம் மிச்சம். இன்னொன்று, கார்ஃபீல்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நடுநிலைப் பள்ளிகளில் எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே இயற்கணிதத்தைத் தொடங்க வைத்தது. இரண்டாவது ஏற்பாட்டில் தலைமையாசிரியர் ஹென்றி கிராடில்லாஸின் பங்கு பெரிது.

ஓரத்து பெஞ்ச் | மார்ச் 5, மதியம் 1.15

அப்போ படம் ஏமாற்றுகிறதா அண்ணா?

சாக்பீஸ் | மார்ச் 5, இரவு 8.05

ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், தம்பி. இரண்டு மணி நேரத்துக்குள் எட்டு வருடத்தை அடைக்க முடியாது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒரு பள்ளி நிர்வாகம், "அவர் இரண்டு வருடத்தில் செய்தார், நீங்கள் ஏன் செய்யவில்லை" என்று ஆசிரியரைக் கேட்டால் அது அநியாயம். அந்தக் கேள்விக்குப் பதிலாக 5, 9, 15, 18 என்ற வரிசையைக் காட்டுங்கள்.

உத்திகளுக்கு வருவோம்.

விரல் வாய்ப்பாடு. ஒன்பதாம் வாய்ப்பாட்டைக் கை விரலில் போடும் காட்சி. இரண்டு கையையும் விரித்து, இடமிருந்து எண்ணி, 9-ஐ எதனால் பெருக்குகிறோமோ அந்த விரலை மடக்க வேண்டும். 9 × 4 என்றால் நான்காவது விரல் மடங்கும். இடப்பக்கம் மிஞ்சுவது 3, வலப்பக்கம் 6. விடை 36. காரணம்: 9 × 4 என்பது 40 − 4. அதாவது மூன்று பத்தும், பத்தில் நான்கு போக மிஞ்சும் ஆறும். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை 9 × 12-க்கு விரல் தேடும். காரணம் தெரிந்த பிள்ளை 120 − 12 = 108 என்று போட்டுவிடும். முதல் நாள் வகுப்பை வசப்படுத்த நல்ல உத்தி. இரண்டாம் நாளும் விரலிலேயே நிற்கக் கூடாது.

மணலில் குழி. கடற்கரையில் குழி தோண்டினால் குழி மைனஸ் 2, பக்கத்தில் குவியும் மணல் பிளஸ் 2. திருப்பித் தள்ளினால் பூச்சியம். கூட்டலுக்கு இதைவிடத் தெளிவான உவமை எனக்குத் தெரியாது. ஆனால் இது கூட்டலுக்கு மட்டும். பெருக்கலுக்கு இழுத்தால் உடையும், ஏனென்றால் குழியைக் குழியால் பெருக்குவது என்று ஒன்று கிடையாது.

மைனஸ் மைனஸ் பிளஸ். வகுப்பையே கோஷம் போட வைப்பார்: குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண். மறுபடி, மறுபடி, சத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்புறம் சட்டென்று ஒரே சொல்: ஏன்? அந்த ‘ஏன்’ இருப்பதால்தான் அது பாடம், இல்லாவிட்டால் வெறும் கோஷம். நம் வகுப்புகளில் கோஷம் மட்டும் நின்றுவிட்டது. அதன் விளைவு பத்தாம் வகுப்பு வரை தெரியும்: −3 − 5-க்கு விடை +8 என்று எழுதுவார்கள், "ரெண்டு மைனஸ் இருக்கே, பிளஸ்" என்பார்கள். பெருக்கலுக்கான விதி கூட்டலுக்குள் புகுந்துவிட்டது.

‘ஏன்’ என்பதற்குக் கரும்பலகையில் ஆறு வரி போதும்:

−2 × 3 = −6
−2 × 2 = −4
−2 × 1 = −2
−2 × 0 = 0
−2 × −1 = ?
−2 × −2 = ?

வரிக்கு வரி 2 கூடுகிறது. கேள்விக்குறியைப் பிள்ளைகளே நிரப்புவார்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பகுதித்தொகை | மார்ச் 5, இரவு 10.40

ஆப்பிள் காட்சியை விட்டுவிட்டீர்களே சார். சமையல்காரர் தொப்பியும் ஏப்ரனுமாக வந்து வெட்டுக்கத்தியால் ஆப்பிளை நறுக்கிப் பின்னம் கேட்பாரே. நிறைய பேர் அந்தப் படத்தில் அதைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

சாக்பீஸ் | மார்ச் 6, காலை 6.10

வேண்டுமென்றேதான் விட்டேன். பார்க்க அழகான காட்சி. ஆனால் ஆப்பிளைக் கால், அரை, முக்கால் என்று வெட்டிக் காட்டுவதில் ஒரு சிக்கல்: பிள்ளைக்கு இவை ஏற்கெனவே தெரியும். தெரியாதது 2/3 + 1/4. ஆப்பிளில் அதைக் காட்டப் போனால் பன்னிரண்டு சமத் துண்டு வேண்டும், கத்தியால் வராது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் 12 கட்டம் உள்ள செவ்வகம் (3 × 4) போடுங்கள். 2/3-க்கு 8 கட்டம், 1/4-க்கு 3 கட்டம், மொத்தம் 11. பொதுப் பகுதி எங்கிருந்து வந்தது என்பது கட்டத்திலேயே தெரியும்.

இன்னொரு முறை யோசித்தால், அந்தக் காட்சியின் வேலை பின்னத்தைக் கற்பிப்பதே இல்லை. இந்த ஆள் நமக்காக வேஷம் கட்டி வந்திருக்கிறான் என்று பிள்ளைகளுக்குத் தெரிவிப்பதுதான். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆகவே மேலே ‘விட்டேன்’ என்று சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

பகுதித்தொகை | மார்ச் 6, இரவு 9.25

நுண்கணிதப் பகுதிக்கு என் பங்கு. எக்ஸ் ஸ்கொயர் சைன் எக்ஸ் என்பதைத் தொகையிட அவர் ஒரு கட்டம் போட்டு, "டிக்-டாக்-டோ, சுலபம்" என்பார். படம் பார்ப்பவர்கள் அதை எஸ்கலான்டேயின் சொந்த மாயம் என்று நினைக்கிறார்கள். நம் மேல்நிலைக் கணிதப் புத்தகத்தில் ‘பெர்னோலி சூத்திரம்’ என்ற பெயரில் இருப்பதும் இதுவேதான். பகுதித் தொகையிடலைத் திரும்பத் திரும்பச் செய்வதை அட்டவணையாக எழுதினால் டிக்-டாக்-டோ.

இரண்டு நெடுவரிசை போடுங்கள். இடப்பக்கம் எக்ஸ் ஸ்கொயர். கீழே கீழே வகையிட்டுக்கொண்டே போங்கள்: 2எக்ஸ், 2, 0. பூச்சியம் வந்ததும் நிறுத்துங்கள். வலப்பக்கம் சைன் எக்ஸ். கீழே கீழே தொகையிடுங்கள்: −காஸ் எக்ஸ், −சைன் எக்ஸ், காஸ் எக்ஸ். இப்போது இடப்பக்கத்து ஒவ்வொரு உறுப்பையும் வலப்பக்கம் ஒரு வரி கீழே இருப்பதோடு சாய்வாகப் பெருக்குங்கள். முன்னால் போடும் குறி பிளஸ், மைனஸ், பிளஸ் என்று மாறி மாறி.

விடை: −எக்ஸ் ஸ்கொயர் காஸ் எக்ஸ் + 2எக்ஸ் சைன் எக்ஸ் + 2 காஸ் எக்ஸ், கடைசியில் மாறிலி.

பிசகும் இடம் பெரும்பாலும் இரண்டாவது சாய்வு. முன்னால் அட்டவணை தரும் மைனஸ், உள்ளே −சைனின் மைனஸ். இரண்டையும் ஒரே மைனஸ் என்று நினைத்து ஒன்றை விழுங்கிவிடுவார்கள். தடுக்க வழி: முன்குறிகளை இடது ஓரத்தில் தனி நெடுவரிசையாக, வேறு மையில் எழுத வைப்பது. இரண்டாவது பிசகு, வலப்பக்கத்தைத் தொகையிடுவதற்குப் பதில் வகையிடுவது. விடையை வகையிட்டுப் பார்த்தால் இரண்டும் அகப்படும், அரை நிமிட வேலை.

அட்டவணை ஓடாத இடங்களும் உண்டு. இடப்பக்கம் மடக்கை வந்தால் எத்தனை முறை வகையிட்டாலும் பூச்சியம் வராது. ஒரு வரியோடு நிறுத்திச் சாதாரணப் பகுதித் தொகையிடலாக முடிக்க வேண்டும். e-யின் எக்ஸ் அடுக்கும் சைன் எக்ஸும் சேர்ந்து வந்தால் இரண்டு வரி கழித்துத் தொடங்கிய தொகையீடே திரும்ப வரும். அதைச் சமன்பாட்டின் மறுபக்கம் கொண்டுபோய் இரண்டால் வகுக்க வேண்டும். படத்துக்கு இது தேவையில்லை, ஆனால் கட்டத்தை மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை தேர்வில் இங்கேதான் மாட்டும்.

ஓரத்து பெஞ்ச் | மார்ச் 7, மாலை 5.30

நன்றி சார். 1982 தேர்வில் காப்பி அடித்ததாகச் சந்தேகப்பட்ட விவகாரம்? 18 பேரும் மறுபடி எழுதிப் பாஸ் ஆனார்கள் அல்லவா?

சாக்பீஸ் | மார்ச் 7, இரவு 9.00

படத்தில் அந்த எண்ணிக்கை கலங்கித் தெரிகிறது. 18 பேரும் பாஸ். அதில் 14 பேரின் தாள்மீதுதான் தேர்வை நடத்திய எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் சந்தேகப்பட்டது. மறுதேர்வுக்கு ஒப்புக்கொண்டது 12 பேர். அந்த 12 பேரும் பாஸ், மதிப்பெண்கள் நிலைத்தன. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வந்தால் தேர்ச்சி.

சந்தேகத்துக்குச் சொன்ன காரணம், விரித்தெழுதும் பகுதியில் ஆறாம் கணக்கு. ஒரே பிழை, அதோடு வழக்கத்தில் இல்லாத ஒரே மாறி எழுத்துகள். அந்த வருடத்து ஆறாம் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விவகாரம் இன்னும் நன்றாகப் புரியும். மேலே மூடி இல்லாத செவ்வகத் தொட்டி. அகலம் 4 மீட்டர், கொள்ளளவு 36 கன மீட்டர். அடித்தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 10 டாலர், பக்கங்களுக்கு 5 டாலர். மிகக் குறைந்த செலவு எவ்வளவு?

நீளம் நீ, உயரம் உ என்று வையுங்கள். 4 × நீ × உ = 36, ஆகவே நீ × உ = 9.
அடித்தளம்: 4நீ சதுர மீட்டர், செலவு 40நீ.
நீளவாட்டுப் பக்கம் இரண்டு: 2 × நீ × உ = 18 சதுர மீட்டர், செலவு 90. இது மாறாத தொகை.
அகலவாட்டுப் பக்கம் இரண்டு: 8உ சதுர மீட்டர், செலவு 40உ, அதாவது 360/நீ.
மொத்தம்: 40நீ + 90 + 360/நீ.
வகையிட்டுப் பூச்சியமாக்கினால் 40 = 360/நீ², நீ = 3, உ = 3. செலவு 120 + 90 + 120 = 330 டாலர்.

எங்கே எல்லாம் வழுக்கும் பாருங்கள். மூடி இல்லை என்பதை மறந்து மேல்பக்கத்தையும் சேர்ப்பது. நான்கு பக்கத்துக்குப் பதில் இரண்டை மட்டும் எடுப்பது. 360/நீ-ஐ வகையிடும்போது மைனஸை விடுவது. நீ = 3 கிடைத்ததும் செலவைக் கணக்கிடாமல் அங்கேயே நின்றுவிடுவது; கேட்டது செலவு, நீளம் அல்ல. இரண்டாம் வகையீடு மிகை எண், ஆகவே இது சிறுமம் என்று ஒரு வரி எழுதாமல் விடுவது.

ஒரே ஆசிரியரிடம், ஒரே அறையில், ஒரே மாதிரிக் கணக்குகளை நூற்றுக்கணக்கில் போட்டுப் பழகியவர்கள் ஒரே மாதிரிதான் பிழை செய்வார்கள், ஒரே எழுத்தைத்தான் மாறியாக வைப்பார்கள். இது காப்பி அடிக்கவில்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது. பிழை ஒன்றுபோல் இருப்பதை மட்டும் வைத்துக் காப்பி என்று முடிவு கட்டவும் முடியாது. முதல் தேர்வைப் பற்றி யார் என்ன சொன்னாலும், மறுதேர்வில் அந்தப் பன்னிரண்டு பேருக்கு நுண்கணிதம் தெரிந்திருந்தது. எனக்கு அது போதும்.

பகுதித்தொகை | மார்ச் 7, இரவு 9.48

வகையிடாமலும் போடலாம் சார். 40நீ, 360/நீ இரண்டின் பெருக்கல் பலன் மாறாமல் 14400. பெருக்கல் பலன் மாறாத இரு மிகை எண்களின் கூட்டல், இரண்டும் சமமாகும்போதுதான் மிகக் குறைவு. ஆளுக்கு 120. கூட்டினால் 240, அதோடு 90. அதே 330.

சாக்பீஸ் | மார்ச் 7, இரவு 10.02

அருமை. விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

சாக்பீஸ் | மார்ச் 9, காலை 7.20

ஒன்று விட்டுப்போச்சு. எழுத்துக் கணக்குக்கு நல்ல உதாரணம் படத்திலேயே இருக்கிறது. ஹுவானுக்கு பெட்ரோவைவிட ஐந்து மடங்கு காதலிகள். கார்லோசுக்கு பெட்ரோவைவிட ஒன்று குறைவு. மொத்தம் 20. ஆளுக்கு எத்தனை? பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தப்புத் தப்பாக விடை எறிவார்கள். யாரை எக்ஸ் என்று வைப்பது என்பதுதான் முழுக் கணக்கும். ஹுவானை வைத்தால் பின்னம் வரும். பெட்ரோவை வைத்தால் 5எக்ஸ் + எக்ஸ் + (எக்ஸ் − 1) = 20; 7எக்ஸ் = 21; பெட்ரோ 3, ஹுவான் 15, கார்லோஸ் 2. எல்லோரும் யாரோடு ஒப்பிடப்படுகிறார்களோ அவரையே எக்ஸ் ஆக்கு, இந்த ஒரு வரி நம் ஒன்பதாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். காதலிகளுக்குப் பதில் மாம்பழம் வைத்துக்கொள்ளலாம். சிரிப்பு கொஞ்சம் குறையும்.

கணக்கே இல்லாத இரண்டு காட்சிகளை நான் இவற்றுக்கெல்லாம் மேலே வைப்பேன். ஏஞ்சல் என்ற பையன் மூன்று புத்தகம் கேட்பான்: வகுப்புக்கு ஒன்று, லாக்கருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. புத்தகம் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதைச் சேக்காளிகள் பார்க்கக் கூடாது. வாத்தியார் புத்திமதி சொல்வதில்லை, புத்தகத்தைக் கொடுக்கிறார். தடை எங்கே இருக்கிறதோ அங்கேயே தீர்வு. ஆனாவின் அப்பா அவளைப் படிப்பிலிருந்து நிறுத்தி உணவகத்தில் வேலைக்கு வைக்கும்போது வாத்தியார் நேரே உணவகத்துக்கே போய் அவரிடம் பேசுவதும் இதே வகை.

ஓரத்து பெஞ்ச் | மார்ச் 9, இரவு 8.40

படத்தில் வாத்தியாருக்கு மாரடைப்பு வருவது?

சாக்பீஸ் | மார்ச் 9, இரவு 8.55

நிஜத்தில் வந்தது பித்தப்பை அழற்சி. மாரடைப்பு திரைக்கதைக்காக. எஸ்கலான்டே காலமானது 2010 மார்ச்சில், புற்றுநோயால்.

எஸ்கலான்டேயாக நடித்த எட்வர்டு ஜேம்ஸ் ஓல்மோஸ் அந்த நடை, அந்தச் சரிந்த தோள், அந்தக் கரகரப்பு எல்லாவற்றையும் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 2011-ல் படம் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.

சாக்பீஸ் | மார்ச் 12, காலை 6.45

படம் முடிந்த பிறகு நடந்ததையும் எழுதினால்தான் முதல் கேள்விக்குப் பதில் முழுமையாகும்.

1983-ல் பாஸ் எண்ணிக்கை 30-ஐ எட்டியது. 1987-ல் பாஸ் ஆனவர்கள் அந்தத் தேர்வின் ஏபி நிலையில் 73 பேர், அதைவிடக் கடினமான பிசி நிலையில் 12 பேர். அதுதான் உச்சம். அதே வருடம் கிராடில்லாஸ் விடுப்பில் போனார், பழைய பொறுப்புக்குத் திரும்பவில்லை. எஸ்கலான்டேயின் வகுப்புகளில் 50 பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் சங்க ஒப்பந்தப்படி வரம்பு 35. உரசல் வளர்ந்தது. 1990-க்குள் கணிதத் துறைத் தலைமை அவர் கையைவிட்டுப் போனது. 1991-ல் பள்ளியைவிட்டே விலகி சாக்ரமென்டோவுக்குப் போனார். 1996-ல் கார்ஃபீல்டில் பாஸ் ஆனவர்கள் ஏபியில் 7, பிசியில் 4.

85-லிருந்து 11. பிள்ளைகளின் மூளை ஒன்பது வருடத்தில் மாறிவிடவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து மேலே வரும் குழாயை யாரோ கவனித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு கவனிக்கவில்லை. படம் ஒரு ஆசிரியரைக் காட்டுகிறது. அவரோடு ஹிமெனெஸ் என்ற இன்னொரு நுண்கணித ஆசிரியரும், பின்னால் நிற்கும் தலைமையாசிரியரும், கோடையில் அறை கொடுத்த கல்லூரியும் இருந்ததை அது காட்டவில்லை. அந்தக் குறை எனக்கு மாரடைப்பைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஓரத்து பெஞ்ச் | மார்ச் 12, இரவு 9.30

சரிண்ணா. அப்போ பதினொன்றாம் வகுப்பில் நுண்கணிதம் தொடங்குகிற பிள்ளைக்கு எங்கிருந்து பிடிப்பது?

சாக்பீஸ் | மார்ச் 13, காலை 6.00

பின்னாலிருந்து எண்ணுங்கள். பதினொன்றில் வகையீட்டில் தடுமாறும் பிள்ளையின் தாளை எடுத்துப் பார்த்தால் வகையீட்டு விதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கு அடுத்த வரியில் இயற்கணிதம் சரிந்திருக்கும். (எக்ஸ் ஸ்கொயர் + 1)/எக்ஸ் என்பதை இரண்டாகப் பிரிக்கத் தெரியாது. 1/எக்ஸ் என்பதை எக்ஸின் −1 அடுக்காகப் பார்க்கத் தெரியாது. 9 + 16-ன் வர்க்கமூலத்தை 3 + 4 என்று எழுதும். இவை மூன்றும் எட்டு, ஒன்பதாம் வகுப்புச் சரக்கு.

ஆகவே ஒன்பதாம் வகுப்பு முழுக்க, தினமும் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம், நான்கே கணக்கு: பின்னம் ஒன்று, குறை எண் ஒன்று, அடுக்கு ஒன்று, காரணிப்படுத்தல் ஒன்று. அன்றே திருத்தித் தர வேண்டும். மறுநாள் தந்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும், பிழையைப் பார்க்காது. பத்தாம் வகுப்பில் நான்கில் ஒன்றை முக்கோணவியலுக்கு மாற்றுங்கள். பத்து முடிந்த கோடையில் மூன்று வாரம் கிடைத்தால் சார்புகளும் வரைபடமும், வேறெதுவும் வேண்டாம்.

பகுதித்தொகை | மார்ச் 13, காலை 7.35

நான்கு கணக்கில் ஒன்று போன வாரத்ததாக இருக்கட்டும் சார். புதிதாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் பழையது நிற்காது.

சாக்பீஸ் | மார்ச் 13, காலை 7.50

ஆமாம், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பி, பிள்ளைகளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டுவதாக இருந்தால் கோஷக் காட்சியில் அந்த ‘ஏன்’ வந்ததும் நிறுத்திவிட்டு, மேலே எழுதிய ஆறு வரியைக் கரும்பலகையில் போடுங்கள். கடைசி இரண்டு விடையும் அவர்கள் வாயிலிருந்து வந்த பிறகு படத்தைத் தொடரலாம்.